பச்சைக் குழாயும் கண்ணாடிச் சிமிழும்

துர்கா பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. என் அண்ணன் மகள் ஒரு காகிதப் பையோடு வந்து நின்றாள். கொல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் வேலைக்குச் சேர்ந்து அவள் வாங்கிய முதல் போனஸ் அது. பையிலிருந்து ஒரு ஃபவுண்டேஷன் புட்டியும், கனத்த கண்ணாடிச் சிமிழில் ஒரு முகக் கிரீமும் வெளியே வந்தன. இரண்டும் சேர்ந்து 11,000 ரூபாய். மேஜையில் ஏற்கெனவே எங்கள் வீட்டு போரோலின் களிம்பு கிடந்தது, வால் சுருட்டிய பச்சைக் குழாய்.

“அத்தை, நீங்க பெயின்ட் கம்பெனியில கலர் பார்த்தவங்கதானே. இது இந்த விலைக்குத் தகுமா, சொல்லுங்க” என்றாள்.

28 ஆண்டுகள் ஒரு பெயின்ட் தொழிற்சாலை ஆய்வகத்தில் நிறமிகளோடு பிழைத்தவள் நான். அந்தக் கேள்வியில் பாதிக்கு என்னிடம் விடை இருந்தது. மறுபாதி தோலைப் பற்றியது. அதற்குப் படிக்க வேண்டியிருந்தது. சம்பளத்தில் ஒரு பங்கை முகத்துக்குச் செலவிடும் பிள்ளைகள் இப்போது லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் உண்டு, மாம்பலத்திலும் உண்டு. ‘வீண் செலவு’ என்று அவர்களை அதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபவுண்டேஷன். புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் சிஐ 77891, சிஐ 77491, சிஐ 77492, சிஐ 77499 என்று நான்கு எண்கள் இருந்தன. எனக்குப் பழகிய முகங்கள். முதலாவது டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை. மற்ற மூன்றும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், துருவின் உறவினர்கள். சுவருக்கு அடிக்கும் பெயின்டிலும் இவைதான் இருக்கின்றன. முகத்துக்குப் போவதை ஈயமும் ஆர்செனிக்கும் வரம்பு மீறாதபடி சுத்தமாகத் தயாரிக்கிறார்கள், அதுவே முக்கிய வேறுபாடு. மனிதத் தோலின் நிறம் ஏறக்குறைய எதுவானாலும் இந்த நான்கைக் கொண்டு கலந்துவிடலாம். 300 ரூபாய்ப் புட்டியிலும் இதே எண்கள், 6,000 ரூபாய்ப் புட்டியிலும் இதே எண்கள். வெள்ளையின் மூலப்பொருளும் நமக்குத் தூரத்துப் பொருளல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் கிடைக்கிறது. இல்மனைட்டிலிருந்துதான் டைட்டானியம் டைஆக்சைடு எடுக்கிறார்கள்.

ஃபவுண்டேஷன் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் வட கொல்கத்தாவின் குமார்துலிக்கு ஒரு நடை போய் வரலாம். வைக்கோல் உடம்பின் மேல் களிமண் பூசி, அது காய்ந்து வெடிப்பு அடைத்ததும், சிற்பிகள் நேராக நிறம் தீட்டுவதில்லை. புளியங்கொட்டைப் பசையில் சுண்ணமண் குழைத்து முதலில் முழுக்க ஒரு வெள்ளைப் பூச்சு கொடுக்கிறார்கள். மண்ணின் கருமையை அது மறைக்கிறது. அதன் மேல் நிறம், அதற்கும் மேல் மினுக்கத்துக்கு எண்ணெய். பெயின்ட் தொழிலில் இந்த மறைக்கும் திறனுக்குத்தான் விலை. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதை ஒளிவிலகல் எண் என்கிறோம். தோல் எண்ணெய்க்கு அது சுமார் 1.5, டைட்டானியம் டைஆக்சைடுக்கு சுமார் 2.7. இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால் ஒளி சிதறித் திரும்பிவிடுகிறது. அடியில் உள்ள கரும்புள்ளி கண்ணுக்குத் தெரிவதில்லை.

சாயங்காலம் ஆனதும் ஃபவுண்டேஷன் ஏன் கறுக்கிறது என்பதற்கும் விடையின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது. காய்ந்த செம்மண் தரையில் தண்ணீர் தெளித்தால் அந்த இடம் உடனே கருஞ்சிவப்பாகிவிடும். மண் மாறவில்லை, துகள்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் நீர் நிரம்பியதால் ஒளிச் சிதறல் குறைந்துவிட்டது. முகத்திலும் அதுதான். காலையில் பூசிய பூச்சு காய்ந்ததும் துகள்களுக்கு இடையே காற்று நிற்கிறது. நாலு மணி நேரத்தில் தோலின் எண்ணெய் ஊறி அந்த இடைவெளிகளை நிரப்புகிறது. நிறம் ஒரு படி இறங்கிவிடுகிறது. நிறமித் துகள்களின் மேல் சிலிக்கோன் பூசி எண்ணெயும் நீரும் ஒட்டாமல் செய்யும் முறை உண்டு. அந்தத் துகள்களுக்கு விலை கூடுதல்தான். ஆனாலும் இன்று நடுத்தர விலைப் புட்டிகளிலேயே அவை வந்துவிட்டன.

கொல்கத்தாவின் காற்றை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. பூஜை நாட்களில் ஈரப்பதம் சாதாரணமாக 80 விழுக்காட்டைத் தொடும். ஏற்கெனவே நீர் நிறைந்த காற்றில் நீர் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் நீரையே பெரிதும் நம்பிய பூச்சு முகத்தில் ஈரமாகவே நிற்கிறது, வியர்வையோடு சேர்ந்து வழிகிறது. எளிதில் ஆவியாகும் சிலிக்கோன் கலந்த பூச்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. காற்றில் எவ்வளவு நீராவி இருந்தாலும் சிலிக்கோன் பறந்துபோவதை அது தடுப்பதில்லை. பறந்த பிறகு மெல்லிய பிசின் படலம் தோலில் தங்கிவிடும். ‘நீண்ட நேரம் நிற்கும்’ என்று எழுதியிருக்கும் பூச்சுகளில் பெரும்பாலும் இதுதான் உள்ளே நடக்கிறது. சென்னையின் ஐப்பசி மழைக்கும் இது பொருந்தும். ஆகவே உறையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தின் முதல் நான்கைந்து பெயர்களைப் படியுங்கள். அவற்றில் ‘சிலோக்சேன்’, ‘டைமெத்திக்கோன்’ என்று முடியும் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலை இதைச் சொல்லாது.

விலை நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. அது ஷேடு. நம் தோல்களில் பழுப்பு ஒரே பழுப்பல்ல. மஞ்சள் ஓடும் பழுப்பு, செம்மை ஓடும் பழுப்பு, பச்சை சாயும் பழுப்பு என்று ஒரு குடும்பத்துக்குள்ளேயே நான்கு வகை இருக்கும். வெள்ளைத் தோலை மனதில் வைத்துக் கலந்த ஒரு நிறத்தில் கொஞ்சம் கறுப்பைக் கூட்டி அதையே ‘இந்திய நிறம்’ என்று விற்ற காலம் நீண்டது. அதில் வெள்ளை மிஞ்சியிருக்கும். கருந்தோலில் அது சாம்பல் பூத்தது போலத் தெரியும். 2017 இல் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் 40 ஷேடுகளோடு வந்தபோது, அடர்ந்த நிறத்துக்கும் வாங்க ஆள் உண்டு என்பதை மற்ற நிறுவனங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நாற்பது ஷேடு தயாரித்து, ஒவ்வொன்றையும் கடையில் இருப்பு வைப்பதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவில் ஒரு பங்கை வாங்குகிறவர் தருவது முறையே.

ஆனால் 40 ஷேடு இருந்தும் என் அண்ணன் மகளுக்குத் தவறானது கிடைத்தது. மாலில் விற்பனைப் பெண் அவள் புறங்கையில் தடவிக் காட்டியிருக்கிறாள், அதுவும் மஞ்சள் விளக்கின் கீழ், அவள் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்ததை. சப்தமி மாலை மாடக்ஸ் ஸ்கொயர் பூஜைப் பந்தலில் எடுத்த படங்களில் அவள் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அன்று இரவு அந்தப் படங்களை அவள் எனக்குக் காட்டியபோது அவள் குரல் கம்மியிருந்தது.

ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துபோகும். பெயின்ட் ஆய்வகத்தில் இதற்காகவே ஒரு பெட்டி உண்டு. பகல் ஒளி, கடை ஒளி, வீட்டு பல்பு ஒளி மூன்றையும் அதில் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஷேடுக்கு ஒப்புதல் தருவோம். நம் அம்மாக்களுக்கு இந்த இயற்பியல் தெரியும். பட்டுப்புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்க்காமல் அவர்கள் பில் போடச் சொன்னதில்லை. அதே வேலையை முகத்துக்கும் செய்யுங்கள். தாடை ஓரத்தில், கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கடையை விட்டு வெளியே வாருங்கள். அரை மணி நேரம் நடந்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கோடு எது என்று தேட வேண்டியிருந்தால் அது உங்கள் நிறம்.

ஃபவுண்டேஷனில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் என்ற வெயில்காப்பு எண் பற்றி ஒரு கணக்கு. ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்துதான் அந்த எண் தரப்படுகிறது. முகத்தின் பரப்பைச் சுமார் 600 சதுர செ.மீ. என்று வைத்தால் 1.2 கிராம் வேண்டும். அப்படிப் பூசினால் 30 மில்லி புட்டி 25 நாளில் காலி. யாரும் அப்படிப் பூசுவதில்லை. பூசினால் முகமூடி போலிருக்கும். ஆகவே புட்டியில் 30 என்று போட்டிருந்தாலும் முகத்துக்கு வந்து சேர்வது அதில் ஒரு பகுதிதான். சன்ஸ்கிரீன் தனியாக வேண்டும்.

இதை எழுதும்போதே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த மிகப் பெரிய வியப்பு அது. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமே தோலைக் கறுக்க வைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே பழுப்பு, கறுப்புத் தோலில் நிறமியை ஏற்றுகிறது, அது நீண்ட நாள் நிற்கவும் செய்கிறது. வெள்ளைத் தோலில் அப்படி நடக்கவில்லை. அதாவது மங்கு பிரச்சினை உள்ள நம் பெண்களுக்கு நிறமில்லாத சன்ஸ்கிரீன் மட்டும் போதாது. ஒளியின் அந்தப் பகுதியைத் தடுக்க நல்ல பொருள் எது தெரியுமா? இரும்பு ஆக்சைடு. ஃபவுண்டேஷனில் இருக்கும் அதே துரு. எல்லாப் புட்டியிலும் உள்ள அந்த மலிவான நிறமி, அழகுக்கு மேலே ஒரு மருத்துவ வேலையும் செய்கிறது. நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் உங்கள் தோலுக்குப் பொருந்தினால், பலருக்கு ஃபவுண்டேஷனே தேவைப்படாது.

இனி கண்ணாடிச் சிமிழ்.

கொல்கத்தா முகக் கிரீமின் ஊர் என்று சொன்னால் மிகையில்லை. கல்கத்தா கெமிக்கல் கம்பெனி வேப்பெண்ணெய் கொண்டு 1920 இல் மார்கோ சோப்பைக் கொண்டுவந்தது. இமாமி 1974 இல் இங்கேதான் தொடங்கியது. போரோலின் 1929 இல் பிறந்தது. வெளிநாட்டுச் சரக்கு இறக்குமதி செய்துவந்த கௌர் மோகன் தத்தா, சுதேசி உணர்வில் அதை விட்டுவிட்டு உள்நாட்டிலேயே ஒரு களிம்பு செய்து பச்சைக் குழாயில் அடைத்தார். மேலே யானை முத்திரை. 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்த நிறுவனம் ஒரு லட்சம் குழாய்களை இலவசமாகக் கொடுத்ததை இந்த ஊரில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். உதட்டு வெடிப்பு, குதிகால் வெடிப்பு, சமையலறைக் கீறல், எல்லாவற்றுக்கும் வங்காள வீடுகளில் அதுவே முதல் மருந்து. உள்ளே இருப்பவை போரிக் அமிலம், துத்தநாக ஆக்சைடு, ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின், பாரஃபின், வாசனை.

விளம்பரமும் அறிவியலும் கலந்த கதை இந்த ஊரில் அதைவிடப் பழையது. குந்தலின் என்ற கூந்தல் தைலம் செய்த ஹேமேந்திர மோகன் போஸ், தன் தைலத்தின் பெயர் விளம்பரம் போலத் துருத்தாமல் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு சிறுகதைப் போட்டி நடத்தினார். 1896 இல் பரிசு பெற்ற கதையில், இலங்கைக்குப் போகும் கப்பலில் புயலில் சிக்கியவர் ஒரு புட்டித் தைலத்தைக் கடலில் ஊற்றுகிறார், கடல் அடங்குகிறது. எழுதியவர் ஜகதீச சந்திர போஸ். எண்ணெய் நீரின் மேல் மிக மெல்லிய படலமாகப் பரந்து மேற்பரப்பின் தன்மையையே மாற்றிவிடும் என்ற உண்மையில் நின்று கற்பனை செய்தார் அந்த இயற்பியலாளர்.

முகக் கிரீமின் அடிப்படையும் மேற்பரப்பில் ஒரு படலம் என்பதுதான். தோலின் மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரான் கனம். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. இறந்த செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து போல நிற்கின்றன. இந்தச் சுவரின் வேலை உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாமல் காப்பது. டிசம்பரில் வடக்கிலிருந்து வறண்ட காற்று கொல்கத்தாவுக்கு இறங்கும்போது, கடுமையான சோப்பும் சுடுநீரும் சேர்ந்து சாந்தைக் கரைத்தால், நீர் கசிகிறது. தோல் இழுக்கிறது, வெடிக்கிறது. அப்போது செய்ய வேண்டியவை இரண்டே. நீரைப் பிடித்து வைக்கும் கிளிசரின் போன்ற ஒன்றைத் தர வேண்டும். மேலே மூடி போட வேண்டும். சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, நீர் கசிவை 98 விழுக்காடு வரை நிறுத்துகிறது. லானோலினும் சிலிக்கோனும் 20, 30 விழுக்காடு. வெளிநாட்டுச் சிமிழிலும் மூடி போடும் வேலையைச் செய்வது இந்தக் குடும்பத்துப் பொருள்கள்தான். கிளிசரின், சோப்புத் தொழிலில் உடன் கிடைக்கும் பொருள், விலை மலிவு.

நம் வீட்டு எண்ணெய்களையும் அறிவியல் சும்மா விடவில்லை. 2004 இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் செய்த சோதனையில், தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்குச் சமமாக வேலை செய்தது. வங்காளத்தில் குளிக்கும் முன் தேய்க்கும் கடுகு எண்ணெய்க்கு அந்த நற்சான்று கிடைக்கவில்லை. எலிகளின் தோலில் அது சுவர் சீராவதைத் தாமதப்படுத்தியது. பக்கத்து டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்தது என்று 2005 இல் லான்செட்டில் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரிய ஆராய்ச்சிப் பெயர் கொண்ட கிரீம்களில் பல, இப்படி ஒரு சோதனையைச் சந்தித்ததே இல்லை.

அதே நேர்மையோடு போரோலினுக்கும் எல்லை சொல்ல வேண்டும். போரிக் அமிலம் வலுவில்லாத கிருமிநாசினி. உரிந்த தோல் வழியே அது உடம்புக்குள் போகக்கூடியது. கைக்குழந்தைக்கும் பெரிய புண்ணுக்கும் வேண்டாம். முகப்பரு வரும் எண்ணெய்த் தோலில் லானோலின் களிம்பு தடவுவதும் நல்லதல்ல. பாட்டி வைத்தியம் என்பதால் ஒரு பொருள் எல்லாருக்கும் பொருந்திவிடாது.

சிமிழின் பக்கவாட்டில் தங்கத்துகள், கொலாஜன், ஆர்க்கிட் சாறு என்று பெரிய எழுத்தில் இருந்தது. தோல் சுவருக்குள் நுழைய மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது 2000 ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வாளர்கள் வகுத்துத் தந்த விதி. கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறக்குறைய 3,00,000 டால்டன். எலி வளையில் யானையை நுழைக்கிற காரியம். அது மேலேயே தங்கி, கொஞ்சம் ஈரம் பிடித்துவிட்டு, சோப்போடு போய்விடும். உள்ளே போகிறவை சிறியவை: நியாசினமைடு 122, வைட்டமின் சி 176, ரெட்டினால் 286. இவற்றுக்குத்தான் சான்று இருக்கிறது. நியாசினமைடு என்பது வைட்டமின் பி3. இன்று சிறு சொட்டுப்புட்டியில் சீரமாக விற்கும் இதே பொருள்தான், 1975 இல் வந்து 2020 இல் பெயர் மாற்றிக்கொண்ட அந்தப் பிரபல சிவப்பழகுக் கிரீமின் முக்கியப் பொருள். ‘கறுப்பு குறை’ என்று சொல்லி நம் பெண்களை அழவைத்த விளம்பரங்களை நான் மன்னிக்கவில்லை. மூலக்கூறு மேல் எனக்குக் கோபம் இல்லை.

உறையில் பொருள்களின் வரிசையைப் படிக்க ஒரு வழி உண்டு. ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழானவை எப்படியும் வரலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்பொருளை ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்க்க விதியில் இடமில்லை. ஆகவே அந்தப் பெயருக்குப் பிறகு வருவன எல்லாம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிமிழில் தங்கமும் ஆர்க்கிட்டும் ஃபீனாக்சிஎத்தனாலுக்குப் பின்னால் இருந்தன. முதல் வரியில் நீர், கிளிசரின், டைமெத்திக்கோன்.

விலை குறைந்த கிரீம் ஒன்று உண்மையான சோதனையில் நின்ற கதையும் உண்டு. பிரிட்டனில் பூட்ஸ் மருந்துக்கடைகள் விற்கும் நம்பர்7 சீரத்தை மான்செஸ்டர் பல்கலைக்கழகத் தோல் ஆய்வாளர்கள் 60 பேரிடம் சோதித்து 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் சீரம் பூசியவர்களில் 43 விழுக்காட்டினருக்குச் சுருக்கம் குறைந்திருந்தது. மருந்துப் பொருள் இல்லாத வெறும் அடிக்கிரீம் பூசியவர்களில் 22 விழுக்காடு. அப்போது அந்தச் சீரத்தின் விலை 20 பவுண்டுக்குள் இருந்தது. எனக்கு இதில் 43 ஐவிட 22 முக்கியமாகப் படுகிறது. வெறும் கிரீமே, தினமும் ஒழுங்காகப் பூசினால், ஐந்தில் ஒருவருக்கு மேல் மாற்றம் தருகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதைச் சிக்கனமாக வாரம் இரண்டு முறை தொட்டுத் தொட்டுப் பூசுகிறவருக்கு இந்தப் பலனும் கிடைப்பதில்லை.

கண்ணாடிச் சிமிழைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். அதன் கனமும் மூடியின் சத்தமும் அழகுதான். ஆனால் ரெட்டினாலும் வைட்டமின் சியும் காற்றிலும் ஒளியிலும் கெடுகிறவை. வாய் அகன்ற சிமிழைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகிறது, விரல் உள்ளே போகிறது, விரலோடு கிருமியும் போகிறது. வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்த வைட்டமின் சி சீரம் மஞ்சளாகி, பழுப்பாகிவிடும். அதற்குப் பிறகு அதில் நீங்கள் கொடுத்த விலை மட்டுமே மிச்சம். இந்தப் பொருள்களுக்குச் சிறந்த பாத்திரம் குறுகிய வாயுள்ள உலோகக் குழாய். போரோலினுக்குத் தத்தா தேர்ந்தெடுத்ததும் ஒரு குழாயைத்தான்.

இவ்வளவும் பார்த்தபின் அண்ணன் மகளிடம் நான் சொன்னது இது. சன்ஸ்கிரீனுக்குத் தாராளமாகச் செலவிடு, அதுவும் உனக்குப் பிசுபிசுக்காத ஒன்றுக்கு, தினமும் பூசினால்தான் அது மருந்து. ஷேடுக்குச் செலவிடு. மாய்ஸ்சரைசருக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் வாசனையில்லாத சாதாரணக் கிரீம் போதும். சுருக்கமும் மங்கும் கவலையென்றால், சிமிழின் விலையில் நாலில் ஒரு பங்கு தோல் மருத்துவரின் ஃபீஸ். அவர் எழுதித்தரும் டிரெட்டினாய்ன் குழாய், உயர்விலைக் கிரீம்கள் அனைத்தையும்விட அதிகமாகச் சோதிக்கப்பட்டது. கர்ப்பகாலத்தில் மட்டும் அது கூடாது. அவள் சிமிழைத் திருப்பித் தரவில்லை. அதன் வாசனை பிடித்திருக்கிறது என்றாள். பிடித்த வாசனைக்காக வாங்கினேன் என்று தெரிந்து வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை.

என் கவலை அவளைப் பற்றியதல்ல, சிமிழ் வாங்க முடியாத பிள்ளைகளைப் பற்றியது. விலை உயர்ந்த கிரீம் பணத்தை மட்டும்தான் எடுக்கும். மலிவாக, மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஒரு வகைக் குழாய் முகத்தையே எடுத்துவிடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பூசிய சில நாளில் முகம் வெளுத்து, பரு அடங்கி, பளிச்சென்று ஆகும். அதனால்தான் தோழி தோழிக்குச் சொல்கிறாள், கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறார். மாதங்கள் போகத் தோல் மெலிகிறது, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் போலத் தெரிகின்றன, முடி முளைக்கிறது. நிறுத்தினால் முகம் எரிகிறது. எரிவதால் மறுபடி பூசுகிறார்கள்.

2011 இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில் முகத்தில் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவர் அல்ல. கொல்கத்தாவின் தோல் மருத்துவர்கள் கௌசிக் லாகிரியும் அரிஜித் கூண்டூவும் இந்தச் சேதத்துக்கு ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்று பொருள்படும் பெயரில், அது ஓர் அடிமைத்தனம் என்று 2016 இல் விரிவாக எழுதினார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் வந்தது, கடை மேஜையில் அது எல்லா இடத்திலும் நடைமுறையாகவில்லை.

உற்பத்தியாளர் முகவரியே இல்லாமல் வரும் வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் இன்னொரு ஆபத்து, அது சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு, அரிதாகக் காணப்படும் ஒரே துணைவகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள்.

ஆகவே படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில், உங்கள் மகளின் கைப்பையில், வேலைக்கு வரும் பெண்ணின் வீட்டில் முகத்துக்குப் பூசும் குழாய் எதுவாக இருந்தாலும் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினலோன். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்து, மருத்துவர் எழுதித் தராமல் பூசிவந்தால், தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். முகம் சிவந்து எரியும். அந்தக் குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் அவர் இருப்பார்.